பூன் லே பக்கத்துக் காற்று

பூன் லே என்பது ஒரு தோட்ட முதலாளியின் பெயர். சியூ பூன் லேயின் ரப்பர் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். அங்கிருந்து வடக்கே போனால், பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடும் மையம்.

சிங்கப்பூரில் முயல் வேட்டை கிடையாது, இலக்குப் பலகைதான். ஆனால் ரைபிள், நம் ஊர் முயல்காரர்கள் சொல்லும் அதே 'பாயிண்ட் டூ டூ'. இரண்டரை கிராம் ஈயக் குண்டு. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்றில் 50 மீட்டருக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஒதுங்கும். 100 மீட்டரில் நாலு அங்குலம். தலைக்கு வைத்த குறி வயிற்றில் பட்டு, முயல் புதருக்குள் கிடந்து துடிக்கும்.

வேகத் தோட்டா போட்டால் சரியாகுமா? ஆகாது ஐயா! ஒலியை மிஞ்சும் குண்டு காற்றோடு மோதி வேகத்தைச் சட்டென இழக்கும். இன்னும் அதிகம் ஒதுங்கும். பந்தயக்காரர்கள் மெதுவான தோட்டாவைப் போட்டு, காற்றுக்கொடி தணியும்வரை விரலை அடக்குகிறார்கள்.

2014இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில், 50 மீட்டர் ரைபிளில் சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் காமன்வெல்த் தங்கம் வென்றார்.