வேகமும் வெப்பமும்

சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையின் மலைப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. அடிவாரத்து மக்களாகிய நாம் பழகிக்கொண்டோம்; கணிப்பொறிகள் பழகவில்லை. இங்கே பிராசசரை ‘ஓவர்கிளாக்கிங்’ செய்து, விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதை நாம் ஒப்புவதில்லை. அதற்காக மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், செலவாகும் மின்சாரம் இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடும். அத்தனையும் வெப்பம்.

நிக்காஹ் வீட்டுப் படங்களைத் தொகுத்துக் கொடுப்பது நம் தங்கை மகனின் பிழைப்பு. வேகம் வேண்டுமென்றான். அவனுடையது இன்டெல் 13ஆம் தலைமுறைப் பிராசசர் என்றறிந்ததும் நாம் பேச்சை மாற்றினோம். 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்கள் பல, எவரும் விரட்டாமலே நிலைகுலைந்தன. அளவுக்கு மீறி மின்னழுத்தம் கேட்ட மைக்ரோகோடும் காரணமென 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் தந்தது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. அத்திருத்தம் மதர்போர்டின் பயாஸ் வழியே வருவது. நல்லதைக் காக்கும், கெட்டதை மீட்காது. ஆகவே, தாமதிக்கலாகாது.

பயாஸ் ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. பழையதை அழித்துப் புதியதை எழுதும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் கணிப்பொறி கண் திறவாது. அறிவித்து நிறுத்துவதற்கு நாள் பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் போவதற்கு யூ.பி.எஸ். ஒன்றே துணை. மதர்போர்டின் பெயரோடு அதன் திருத்த எண்ணையும் ஒத்துப்பார்க்க வேண்டும். மாற்றிய அமைப்புகளை முதலில் பழைய நிலைக்குக் கொணர வேண்டும். இத்தனைக்குப் பின்னும் நின்றுபோனால், சில மதர்போர்டுகளின் பின்புறத்துப் பொத்தானை அழுத்திப் பென்டிரைவிலிருந்தே மீண்டும் எழுதலாம். அப்பொத்தான் இல்லாதவற்றை, சில்லில் நேரே எழுதும் கருவி வைத்திருக்கும் பழுதுநீக்குவோரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.