பாலைவனச் சாலையில் ஒரு பழைய மஸ்டாங்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போகிற நெடுஞ்சாலையில், பாலைவனத்துக்கு நட்ட நடுவே பேக்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சில பெட்ரோல் பங்குகள், சில சாப்பாட்டுக் கடைகள், அவ்வளவுதான். ஆனால் அங்கே வானத்தை முட்டிக்கொண்டு ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது பாருங்கள்! 134 அடி உயரம். அதென்ன கணக்கு 134? பக்கத்திலே டெத் வேலி என்ற பள்ளத்தாக்கில் 1913-ம் வருடம் ஜூலை 10-ம் தேதி பதிவான வெயில் 134 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் கிட்டத்தட்ட 57! அதன் ஞாபகமாக டிகிரிக்கு ஓர் அடி வீதம் 1991-ல் கட்டினார்கள். நமக்கு 98.4-ஐத் தாண்டினாலே கஷாயமும் கஞ்சியுமாக வீடு அல்லோலகல்லோலப்படும். இங்கே ஊருக்கே ஜுரமானி வைத்திருக்கிறார்கள்.

பேக்கரைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. ஊர் சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 17 மைலுக்கு அப்பால் ஹாலோரன் சம்மிட் என்ற முகடு, 4,000 அடிக்கு மேல். நம் மலைப்பாதை மாதிரி வளைவு, நெளிவு, கொண்டை ஊசி ஒன்றும் கிடையாது. நேராகப் பார்த்தால் மேடு என்றே தெரியாது. ஆனால் வண்டிக்குத் தெரியும். "எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்" என்று அரசாங்கமே சாலை ஓரத்தில் போர்டு வைத்திருக்கிறது.

இந்த மேட்டைத்தான் நாங்கள் போன அக்டோபரில் 1965-ம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் காரில் ஏறினோம். அந்தக் காரில் அணைப்பதற்கு ஏ.சி.யே கிடையாது!

கார் என் மாப்பிள்ளையுடையது. மஸ்டாங் 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானபோது அமெரிக்காவே பைத்தியம் பிடித்து வாங்கியதாம். முதல் பன்னிரண்டு மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. மாப்பிள்ளையின் வண்டி வெளிர் நீலம், நீண்ட மூக்கு, உள்ளே வெள்ளை ஸீட். துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். என் பெண்ணுக்கு அதைக் கண்டாலே ஆகாது. காரணம் இருந்தது.

அதற்கு முந்தின வருடம் இவர்கள் இரண்டு பேரும் அதே வண்டியில் லாஸ் வேகாஸ் கிளம்பி, கஹோன் கணவாய் மேட்டிலேயே நின்றுவிட்டார்களாம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரமாட்டேன் என்கிறது. சாலை ஓரத்தில் வெயிலில் இரண்டு மணி நேரம். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியதாம். ஒரு பட்டறையில் காட்டினால், "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுசாகக் கழற்றிப் புதுசு பண்ணணும்" என்று ஆயிரக்கணக்கில் டாலர் சொல்லியிருக்கிறார்கள். வண்டி அன்றிலிருந்து ஷெட்டில் தூங்கியது.

இந்த வருடம் மாப்பிள்ளையின் அக்கா, லாஸ் வேகாஸில் இருக்கிறவள், நவராத்திரி கொலுவுக்குக் கூப்பிட்டாள். என் கணவர் சும்மா இருக்கக் கூடாதா? "மஸ்டாங்கிலேயே போகலாமே மாப்பிள்ளை!" என்றார். அந்தக் காலத்தில் அம்பாஸடரில் கொடைக்கானல் மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றிய வீரக்கதை அவரிடம் ஒன்று உண்டு. என் பெண் பிடித்துக்கொண்டாள்: "அப்பா, உங்களுக்கு இன்சுலின் இருக்கு. அதை ஐஸ் பெட்டியிலே வச்சுக்கிட்டுப் பாலைவனத்துல நடுரோட்டுல நிக்க முடியுமா? அந்த வண்டிக்கு என்ன நோவுன்னு முதல்ல தெரியட்டும். அப்புறம் பேசலாம்."

நியாயமான பேச்சு. என்னைக் கேட்டால், நீரிழிவுக்காரர்களை வைத்துக்கொண்டு பயணம் போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இப்படிக் கறாராக இருக்கத்தான் வேண்டும்.

நோவு என்ன என்று கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. எண்பதை நெருங்குகிற அமெரிக்கர். வாழ்நாள் முழுக்க மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸின் அளவுக்கம்பியை உருவி, வெள்ளைக் காகிதத்தில் துடைத்துக் காட்டினார். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் ஊற்றுகிற எண்ணெய் நல்ல குங்குமச் சிவப்பாக இருக்க வேண்டுமாம். இது பழுப்பாக இருந்தது. தாத்தா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னிடமும் நீட்டினார். எனக்கா தெரியாது? தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் ஒரு காந்தல் வாசனை வருமே, அதேதான். "எண்ணெய் கருகியிருக்கு" என்றேன் தமிழில். மாப்பிள்ளை மொழிபெயர்த்ததும் தாத்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்!

எண்ணெய் ஏன் கருகுகிறது? இரண்டு டேபிள் ஃபேனை எதிர் எதிரே வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிடுங்கள். அந்தக் காற்றிலே மற்றதும் சுற்றும். கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேடிக் காரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இப்படித்தான் இரண்டு சக்கரங்கள், காற்றுக்குப் பதில் எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுற்றுகிறது, எண்ணெய் மற்றதைத் தள்ளுகிறது. சமவெளியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். மேடு வந்தால் முன்னது வேகமாகவும் பின்னது இழுத்துக்கொண்டும் போக, நடுவிலே எண்ணெய் கடைபட்டுக் கடைபட்டுச் சூடேறுகிறது. பிற்காலத்து வண்டிகளில் ஓட்டம் சீரானதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுகிற வசதி வந்துவிட்டது. மஸ்டாங்கில் இருக்கும் சி-4 என்ற கியர்பாக்ஸில் அது இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்துக் கம்பெனி எண்ணெயை ஆற்ற வழியே வைக்கவில்லையா? வைத்தார்கள். ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய். கியர்பாக்ஸ் எண்ணெய் அதன் வழியே போய், சுற்றியுள்ள தண்ணீரில் ஆறித் திரும்புகிறது. குழந்தைக்குப் பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றுகிறோமே, அதுபோல. சரி, அந்தக் கிண்ணத்துத் தண்ணீரே வெந்நீராக இருந்தால்? மேடு ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீரே 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். எண்ணெய் அதைவிட எப்படி ஆறும்!

பட்டறைக்காரர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. இந்த எண்ணெய் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 80 டிகிரி செல்சியஸில், ஒரு லட்சம் மைல் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதி பாதியாகக் குறையும். 195-ல் ஐம்பதாயிரம், 215-ல் இருபத்தையாயிரம். எண்ணெய் கருகினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் இறுகும், தகடுகள் வழுக்கும், எஞ்சின் உறுமும், வண்டி நிற்கும். கஹோன் மேட்டில் நடந்தது அதுதான்.

டிரைவர் முன்னால் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் இருக்கிறதே தவிர, கியர்பாக்ஸ் சூட்டுக்கு ஒரு முள்ளும் இல்லை. உடம்பு கொதிக்கிறது, தெர்மாமீட்டர் இல்லை என்பது போல.

தாத்தா சொன்ன வைத்தியம், டபரா டம்ளர் வைத்தியம். தண்ணீரில் ஆற்றியதை இன்னொரு தடவை காற்றில் ஆற்றுவது. ரேடியேட்டருக்கு முன்னால், காற்று வந்து மோதுகிற இடத்தில், தகடு தகடாக அடுக்கிய ஒரு சின்னக் கூலரை மாட்டுவது. விலை நூறு டாலருக்குள்தான்.

இங்கேதான் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் வாக்குவாதம். மாப்பிள்ளைக்கு வண்டி அசலாக இருக்க வேண்டும். 1965-ல் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி. "ஒரு ஓட்டைகூட போட மாட்டேன் மாமா" என்றார். இவரோ, "ஓடாத அசலை வச்சுக்கிட்டு என்ன பண்றது, கொலுவிலே வைக்கிறதா?" என்றார். கொலு சமயம் அல்லவா, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நான் மாப்பிள்ளை கட்சிதான். பாட்டி கொடுத்த அட்டிகையை யாராவது மாடல் மாற்றச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

தாத்தா இருவரையும் சமாதானப்படுத்தினார். காரில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலேயே இரும்புப் பட்டை வைத்துக் கூலரைப் பிடித்தார். ரேடியேட்டர் தகடுக்குள்ளே பிளாஸ்டிக் பட்டையை நுழைத்துக் கட்டுவார்களே, அது நாளடைவில் உராய்ந்து ரேடியேட்டரையே ஓட்டையாக்கிவிடுமாம். அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்றார். பழைய இரும்புக் குழாயை அறுக்கவில்லை. முனையிலே கழற்றி, இணைப்பு வைத்து, ரப்பர் ஹோஸைச் சேர்த்தார். எந்தக் குழாயில் எண்ணெய் கியர்பாக்ஸுக்குத் திரும்புகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். ஒரு முனையைக் கழற்றி டப்பாவுக்குள் விட்டுச் சில விநாடி எஞ்சினை ஓடவிட்டால் தெரிந்துவிடுகிறது. திரும்புகிற பாதையில்தான் கூலர் வர வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம் காற்று, அப்புறம் கியர்பாக்ஸ். ஹோஸும் இந்த எண்ணெய்க்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸைப் போட்டால் சூட்டில் கெட்டுவிடும்.

அதற்கு முன்பே அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். இரும்புத் துகள் இருந்தால் கியர்பாக்ஸ் கதை முடிந்தது என்று அர்த்தமாம். எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் அதைவிட மோசம். ரேடியேட்டருக்குள்ளே குழாய் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். நல்லவேளை, இரண்டும் இல்லை. வடிகட்டியை மாற்றி, இந்த வண்டிக்குரிய 'டைப் எஃப்' எண்ணெயைப் புதிதாக ஊற்றி, கூலர் குடித்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றி அளவு பார்த்தார்கள். எண்ணெய்ச் சூட்டைக் காட்ட ஒரு சின்ன மீட்டரும் வந்தது. அது டாஷ்போர்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். தலைக்கு ஒரு காலன் தண்ணீர், ஐஸ் பெட்டியில் இன்சுலின், மோர், புளியோதரை. இவருக்கு மட்டும் கோதுமை ரவை உப்புமா. என் பெண் முன் ஸீட்டில் உட்கார்ந்து மீட்டரின் மேலேயே கண்ணாக இருந்தாள். கஹோன் கணவாயில் இருட்டிலே நீள நீளமான கூட்ஸ் ரயில்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. போன தடவை நின்ற இடம் வந்ததும் யாரும் பேசவில்லை. முள் 180-ல் நின்றது. தாண்டிவிட்டோம்.

பார்ஸ்டோவுக்கு அப்பால் வெளிச்சம் வந்தது. கண்ணுக்கெட்டிய வரை மண்ணும் புதரும், தூரத்தில் ஊதா நிற மலைகளும். பேக்கர் வருவதற்குச் சில மைல் முன்னால் ஒரு விசித்திரமான பெயர்ப்பலகை: ஸைஸிக்ஸ் சாலை. ஆங்கில அகராதியில் கடைசி வார்த்தையாக இருக்கட்டும் என்று கர்டிஸ் ஸ்பிரிங்கர் என்பவர் உண்டாக்கிய பெயராம். 1944-ல் இங்கே ஊற்றுத் தண்ணீரைக் காட்டி ஆரோக்கிய விடுதி நடத்தி, சர்வரோக நிவாரணிகளும் விற்றிருக்கிறார். டாக்டர் பட்டம் இல்லாத டாக்டர்! அரசாங்கம் 1974-ல் அவரைக் காலி செய்ய வைத்தது. இப்போது அங்கே பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சர்வரோக நிவாரணி எந்த ஊரில்தான் விற்கவில்லை!

பேக்கரில் இறங்கிக் கை கால் நீட்டி, இவருக்குச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டுச் சாப்பிட வைத்தேன். பிறகு அந்த மேடு. மாப்பிள்ளை லாரிகளுக்குப் பின்னால் நிதானமாகவே ஓட்டினார். வழியில் இரண்டு புதுக் கார்கள் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றன. என் பெண் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நர்ஸ் மாதிரி வாசித்தாள்: "175... 185... 190..." முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் 195 தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் தானாகவே 170-க்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை திரும்பி, "அத்தை, இப்போ அந்தப் புளியோதரையைக் கொடுங்க" என்றார். அதுவரை அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அக்கா வீட்டில் ஏழு படிக் கொலு. சுண்டல் வாங்க வந்த பெண்களைவிட வண்டி பார்க்க வந்த ஆண்கள்தான் அதிகம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தார் மாப்பிள்ளை. காலையில் எனக்கு முன்னாலேயே என் பெண் போய் அதை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. அட்டையை மடித்து, ஊருக்குத் திரும்பும்போதும் வேண்டியிருக்கும் என்று டிக்கியில் வைத்தாள். கழற்றிய பழைய இணைப்புகள் ஒரு துணிப்பையில், பேர் எழுதி, அதே டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன.