மிச்சத்துக்கு முதல் இடம்

பிள்ளைகளே, நிபோங் திபாலில் கனிமப் பொறியியல் படிக்கும் உங்களில் சிலர் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கேட்கிறீர்கள்: மலைக்காட்டுச் சுரங்கத்தில் வேலை கிடைத்தால் முதலில் எதைக் கற்றுக்கொள்வது? தாதுவைப் பற்றி உங்கள் விரிவுரையாளர்கள் சொல்வார்கள். நான் கழிவைப் பற்றிச் சொல்கிறேன்.

பினாங்கு, சுரங்கத்தின் நல்ல முகத்தை மட்டும் பார்த்த ஊர். 1897 இல் டத்தோ கெராமாட் சாலையில் ஈய உருக்காலை எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டர்வொர்த்திலும் ஒன்று. பேராவின் கிந்தாவில் தோண்டிய ஈயம் இங்கே உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. எஞ்சிய மணலும் குட்டைகளும் பேராவிலேயே தங்கிவிட்டன. 1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்தபின் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒவ்வொன்றாக மூடின. குட்டைகள் பலவற்றை யாரும் மூடவில்லை. வருமானம் போகும் வழி வேறு, கழிவு கிடக்கும் இடம் வேறு என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

ஆனாலும் ஈயமணல் சாதுவானது. செம்பு அப்படியில்லை. சபாவில், கினபாலு மலையின் தென்கிழக்குச் சரிவில், ரானாவ் அருகே மமூட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை நடந்தது. செங்குத்தான மலை, ஓயாத மழை. தாதுவை அரைத்து வந்த சேற்றைக் குழாய் வழியே கீழே லோஹான் பள்ளத்தாக்குக்கு இறக்கித் தேக்கினார்கள். தாதுவை எட்டுவதற்காக வெட்டி எடுத்த வெறும்பாறையோ மேலேயே குவிந்தது. அந்தப் பாறையில் கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை அது உறங்கும். காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் ஊறும். அமிலம் பாறையிலுள்ள செம்பையும் பிற உலோகங்களையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். தாது தோண்டிய குழி இன்று ஓர் ஏரி. அதன் நீரில் பிஎச் அளவு 3-ஐ ஒட்டி நிற்கிறது. சுரங்கம் நடந்தது 24 ஆண்டு. மூடியபின் அதைவிட நீண்ட காலம் கடந்துவிட்டது, அமிலம் இன்னும் ஊறுகிறது.

வீடு கட்டுகிறவன் கூடத்தை அளக்குமுன் சாக்கடைக்கு வாட்டம் பார்க்கிறான். சுரங்கத்தில் மட்டும் ஏனோ ஆலைக்கும் குடியிருப்புக்கும் நல்ல சமநிலத்தைக் கொடுத்துவிட்டு, கழிவுக்கு ஓடையின் தலைமாட்டை ஒதுக்குகிறார்கள். உடைத்த பாறை, மலையில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் இடம் கேட்கும். செம்புச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் தாதுவில் பத்துக் கிலோ செம்புகூடத் தேறாது. ஆக, நீங்கள் உண்மையில் திட்டமிடுவது கழிவுக் குவியலைத்தான்; செம்பு அதன் ஓரத்தில் கிடைக்கும் ஆதாயம்.

குவியலைக் கட்டவும் முறை இருக்கிறது. அமிலம் ஊறும் பாறை எது, ஊறாதது எது என்று சோதித்துப் பிரிக்க வேண்டும். ஊறுவதை நடுவில் வைத்து, களிமண்ணால் மூடி, மேட்டிலிருந்து வரும் மழைநீரைச் சுற்றுக்கால்வாயில் திருப்ப வேண்டும். அடியிலிருந்து அடுக்கடுக்காக இறுக்கி எழுப்ப வேண்டும். மேட்டிலிருந்து லோரியைக் கவிழ்ப்பது மலிவுதான். ஆனால் பெரிய கற்கள் உருண்டு அடிவாரத்தில் சேரும், அந்த இடுக்குகள் வழியே காற்று உள்ளே ஏறும், அமில உலை மூண்டுவிடும். முதலில் மிச்சம் பிடித்த காசு பின்னால் பலமடங்காகப் போகும்.

அவசரமும் அப்படித்தான். ஒரு மலைமுகாமில் என்னோடு முதிய மண்டோர் ஒருவர் வேலை செய்தார். கிந்தா லம்பத்தில் வளர்ந்தவர். ஓடையை ஒட்டிச் சாலை வெட்ட அவசரப்பட்ட பொறியாளர்களிடம், "ஒரு மழைக்காலத்தப் பாத்துட்டு வெட்டுவோம், துவான்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பருவமழையில் சாலை சரிந்தது. அரிசியும் டீசலும் முகாமுக்கு ஏறவில்லை. மறுபடி அவர் காட்டிய மேட்டுவழியே வெட்டினார்கள். 'நான் அப்பவே சொன்னேனே' என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை. மண்வெட்டியோடு முதல் ஆளாக நின்றார். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கே மலை வழிவிடும் என்று அவரிடம் படித்தேன்.

காத்திருக்காததன் விலையைப் பப்புவா நியூகினி கொடுத்தது. ஓக் தெடி சுரங்கத்தின் சேறு தேக்கும் அணைக்கான இடத்தில் 1984 இல் நிலம் சரிந்தது. அணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுரங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த அணை கட்டப்படவேயில்லை. கழிவு ஆற்றில் இறங்கியது. ஃப்ளை ஆற்றங்கரைக் காடுகள் பட்டுப்போயின.

நாளை உங்கள் மேசைக்கு ஒரு மலையின் வரைபடம் வரும். ஆலையையும் சாலையையும் முகாமையும் குறிக்குமுன் குவியலுக்கான இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மேலதிகாரி சிரித்தால், அவரை மரியாதையோடு மமூட்டுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.