போ என்று சொன்ன பறவை

குடியேற வந்தவனை அந்த நாட்டுப் பறவையே வாசலில் நின்று "போ" என்று விரட்டினால் அவன் என்ன செய்வான்? 2014 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கேயுள்ள போட்ஸ்வானா தேசத்துக்குக் கணித உபாத்தியாயராகப் போய்ச் சேர்ந்த எனக்கு அந்த வரவேற்புத்தான் கிடைத்தது. தலைநகரான காபரோனில், எங்கள் வாடகை வீட்டு முள்மரத்தின் மேல் ஒரு சாம்பல் நிறப் பறவை கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் இழுத்த குரலில், "க்வே!" என்றது. ஆங்கிலேயர் காதில் அது "கோ அவே" என்று விழுந்தபடியால் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. விஷயத்தைக் கேட்டு எட்டு வயது மகள் கைகொட்டிச் சிரித்தாள். என் சகதர்மிணி சிரிக்கவில்லை.

"பறவைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே!" என்றாள்.

அவளுடைய மனத்தாங்கலைத் தணித்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. மறுநாள் காலை வேலிக்கு அப்பால் நின்று, "டுமேலா, ம்மா" என்றார். வணக்கம் சொல்லும்போது பெண்களை "ம்மா" என்றும் ஆண்களை "ர்ரா" என்றும் மரியாதையாக அழைப்பது செட்ஸ்வானா மொழியின் வழக்கம். "இங்கேயும் அம்மா என்றுதானே கூப்பிடுகிறார்கள்!" என்று அவள் உள்ளம் குளிர்ந்தாள்.

செப்டம்பர் மாதம் வந்தது. அங்கே அதுதான் வசந்தத்தின் ஆரம்பம். அதே முள்மரத்தில் தூக்கணாங்குருவிகள் குடித்தனம் தொடங்கின. மஞ்சள் உடலும் கறுப்பு முகமும் கொண்ட ஆண் குருவி, புல்லைக் கிழித்துக் கொணர்ந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பிரம்மப் பிரயத்தனம் செய்து கூடு பின்னும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பரிசோதிக்கும். பிடிக்கவில்லையென்றால் பறந்து போய்விடும். ஆண் குருவியோ, தான் கட்டியதைத் தானே பிய்த்தெறிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"வீடு பார்க்கும்போது என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று என் மனைவி குருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதற்குப் பின் வறட்சி வந்தது. 2015-ல் காபரோன் அணை ஏறக்குறைய வற்றிவிட்டது. வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரை நம்பி நகரம் உயிர் வாழ்ந்தது. குழாயில் தண்ணீர் வந்த நாள் எங்களுக்குப் பண்டிகை. வராத நாள் விரதம். "குடம் சுமப்பதற்கா கடல் கடந்து வந்தோம்? சிவகங்கைச் சீமையிலேயே சுமந்திருக்கலாமே!" என்றாள் அவள். ஊரில் என் தாயார் தனியாக இருந்தார். இரண்டையும் எண்ணிப் பார்த்து, 2017-ன் தொடக்கத்தில் ராஜிநாமாக் கடிதம் எழுதி மேஜைக்குள் வைத்தேன்.

அந்தப் பிப்ரவரியில் டினியோ என்ற புயல் மொசாம்பிக் கரையேறி, எங்கள் பக்கம் மழையாக வந்தது. முதல் பெருமழையில் பக்கத்து வீட்டு மூதாட்டி முற்றத்தில் நனைந்துகொண்டே, "புலா! புலா!" என்று இரு கைகளையும் தூக்கினார். புலா என்றால் மழை. ஆசீர்வாதத்துக்கும் அதே சொல்தான். 1966-ல் சுதந்திரம் பெற்ற அந்தத் தேசம், 1976-ல் சொந்த நாணயம் வெளியிட்டபோது அதற்குச் சூட்டிய பெயரும் புலாவே. மூன்று வருஷமாகச் சம்பளத்தைப் புலாவில் எண்ணி வாங்கியவன் நான். அந்தச் சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அணை நிரம்பியது. மூவரும் போய்க் கண் குளிரப் பார்த்துவிட்டு வந்தோம்.

அன்றிரவு தாயாரிடம் தொலைபேசியில் மழையைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன்.

"கண்மாய் நிறைந்த ஊரை விட்டு எவனாவது கிளம்புவானா, தம்பி? இருந்துவிட்டு வா" என்றார்.

கடிதத்தைக் கிழித்தேன். மறுநாள் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின பருவமழை பொய்த்து, ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. அவர் வீட்டுக்கு எதிரேயுள்ள கண்மாயும் வெடித்துத்தான் கிடந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிள்ளை இருக்கும் ஊரில் பெய்த மழையே அவருக்குப் போதுமாக இருந்தது.

2019 முடிவில் ஊர் திரும்பினோம். அடுத்த ஐப்பசியில் முதல் மழை இறங்கியபோது என் மகள் முற்றத்தில் குதித்து, "அப்பத்தா, புலா!" என்று கூவினாள். திண்ணையில் இருந்த என் தாயார் அர்த்தம் கேட்கவில்லை. மழையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஆமாம் தாயி, புலா" என்றார்.