மறுபடி புழக்கத்தில்

ஆங்கிலத்தில் 'பேக் இன் சர்க்குலேஷன்' என்பார்கள். காசும் நூலகப் புத்தகமும் புழக்கத்துக்குத் திரும்புவதைச் சொல்லும் அதே வார்த்தைதான். துக்கத்தில் முடங்கிக் கிடந்தவர் மறுபடி நாலு பேரோடு பழகத் தொடங்கினாலும் அப்படித்தான் சொல்வார்கள். மனுஷரைக் காசு மாதிரி பேசலாமா?

விக்டோரியா ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தார். இருவருக்கும் அப்போது 42 வயது. அதற்கப்புறம் ராணி வெளியே தலைகாட்டுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். வேடிக்கை என்னவென்றால், 1862-ல் அடித்த இந்திய ரூபாயில்கூட அவர் முகம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள்தான் அரண்மனைக்குள்! 1864-ல் யாரோ ஒரு குறும்பன், பக்கிங்ஹாம் அரண்மனை வாடகைக்கோ விற்பனைக்கோ கிடைக்கும் என்று எழுதி வாசலில் ஒட்டிவிட்டானாம். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் இந்தக் கிண்டல் கொஞ்சம் அதிகம்தான்.

1872 பிப்ரவரியில்தான் மாற்றம். டைபாய்டில் சாகக் கிடந்து பிழைத்த மூத்த மகனோடு, நன்றி வழிபாட்டுக்காகத் திறந்த வண்டியில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போனார். வழியெல்லாம் கூட்டம், ஆரவாரம். ராணி திரும்பி வந்துவிட்டார் என்று லண்டனுக்கு ஒரே சந்தோஷம்.

உடுப்பு மட்டும் கடைசிவரை கறுப்புதான். 1901-ல், அவரே கேட்டுக்கொண்டபடி, வெள்ளை உடுத்தி, கல்யாண முக்காட்டோடு சவப்பெட்டியில் வைத்தார்கள்.