புடவைகளுக்கு அடியில்

ஆஸ்துமாவுக்குத் தமிழில் ஈளை, இழுப்பு, இரைப்பு, சுவாசகாசம் என்று எத்தனையோ பெயர்கள். கடைசிப் பெயரில்தான் சங்கடம். காசம் என்றதும் மதுரைக்காரர்களுக்குத் தோப்பூர் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். காசநோய் தொற்றும், ஆஸ்துமா தொற்றாது. ஆனாலும் ஒரு சொல்லின் நிழல் இன்னொரு நோயின் மீது விழுந்துவிடுகிறது.

என் அக்காவுக்குப் போகிப் புகையிலும், மேலூர்ப் பக்கம் நெல் தூற்றும் தூசியிலும் இழுக்கும். வரன் பார்த்த நாட்களில் வீட்டில் அதற்குச் "சளித் தொந்தரவு" என்று பெயர். இன்ஹேலர் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கொல்லைப்பக்கம் போய், அவசரமாக இரண்டு முறை அழுத்திக்கொண்டு வருவாள். மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். "இதுவும் கேட்கவில்லை" என்பாள்.

ஒளிந்துகொண்டு எடுக்கிற மருந்தைச் சரியாக எடுக்க முடியாது. அதற்கு நிதானம் வேண்டும். குழலைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பத்து விநாடி மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை உதவும்.

"பழகிவிட்டால் விடாது, மாத்திரையே போதும்" என்பாள் அம்மா. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சல்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஓர் அழுத்தலில் 100 மைக்ரோகிராம். அதாவது, 200 அழுத்தல் கொண்ட முழுக் குழலும் ஐந்து மாத்திரைகளுக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கைநடுக்கம் தந்துவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. ஆனால் மாத்திரையை யாரும் கவனிப்பதில்லை. அம்மா அஞ்சியது மருந்துக்கு அல்ல, பார்வைகளுக்கு என்று இப்போது தோன்றுகிறது.

பலரும் நீலக் குழலோடு நின்றுவிடுகிறார்கள். அது இறுகிய தசையைத் தளர்த்தும். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தணிக்காது. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். மருத்துவர் சொன்னபடி, இழுப்பு இல்லாத நாளிலும் எடுத்து, பின்பு வாய் கொப்பளிக்க வேண்டும். சல்புடமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா 2019இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

கடைசியில் அக்கா தானே சொன்னாள். ஒரு வரன் விலகியது. அடுத்து வந்தவர், "எந்தெந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். அவர்தான் என் அத்தான்.

இந்தக் குழல் பிறந்ததற்கும் ஒரு பெண்ணின் கேள்வியையே காரணமாகச் சொல்கிறார்கள். 1955இல் அமெரிக்காவில், ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் பதிமூன்று வயது மகள், கூந்தலுக்குப் பீய்ச்சுவதுபோல் தன் ஆஸ்துமா மருந்தும் வரக்கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாளாம். மறு ஆண்டே இன்ஹேலர் கடைக்கு வந்தது. அந்த வீட்டில் ஒரு பெண்ணால் தன் நோயைப் பற்றி உரக்கப் பேச முடிந்திருக்கிறது.