இரண்டாவது ஒயர்

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் லேப்டாப்பில் பாக்கெட் டிரேசர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 1997இல் ஆரம்பித்த தன் நெட்வொர்க்கிங் அகாடமி மாணவர்களுக்கென்று சிஸ்கோ நிறுவனம் செய்தது. பெயரைப் பதிந்துகொண்டால் காசில்லை. கம்ப்யூட்டர், சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் சிறு படங்களாக ஒரு வெள்ளைப் பரப்பில் வந்து உட்காருகின்றன. கோடு இழுத்தால் அது ஒயர். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் நான் ஐம்பத்து மூன்று வயதில் இதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்ததற்கு வீட்டில் சொன்ன காரணம், பையனுக்குத் துணையாக இருக்கும் என்பது. அது பாதிதான் உண்மை.

முதல் பாடம் எளியது. இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு சுவிட்ச். ஒன்றுக்கு 192.168.1.2 என்றும் மற்றதற்கு 192.168.1.3 என்றும் எண் கொடுக்கிறோம். ஒயரின் முனையில் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நின்று, சுமார் முப்பது விநாடி கழித்துப் பச்சையாகிறது. ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டேன். "அது யோசிக்குதுங் மாமா" என்றான். விளையாட்டாகச் சொன்னான், ஆனால் ஏறக்குறைய சரியான பதில்.

சிமுலேஷன் என்ற பொத்தானை அழுத்தினால் காலம் நின்றுவிடுகிறது. பிறகு நாம் அழுத்த அழுத்தத்தான் ஒவ்வொரு செய்தியும் சிறிய தபால் உறையாக ஒயரின்மேல் ஓரடி நகரும். இரண்டாம் கம்ப்யூட்டரின் எண் முதலாவதற்குத் தெரியும், வாசல் தெரியாது. ஆகவே முதலில் எல்லோரையும் பார்த்துக் கூவுகிறது: இந்த எண் யாருடையது? சுவிட்ச் அந்தக் கூவலைப் பிரதி எடுத்து, வந்த வழி நீங்கலாக மற்ற எல்லா வழியிலும் அனுப்புகிறது. உரியவன் பதில் சொல்கிறான், மற்றவர்கள் கீழே போட்டுவிடுகிறார்கள். இந்தக் கூவலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

2013 மார்ச்சில் ஒரு நாள். அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். மறுநாள் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் போக வேண்டும். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளுக்குப் பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் சுவிட்சிலிருந்து பேக்கிங் சுவிட்சுக்கு ஒரு ஒயர் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு ஒயர், கிளிப்போடு, தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் தடுக்கியது. கழன்று விழுந்திருக்கிறது போலும் என்று காலியாயிருந்த துளையில் செருகிவிட்டுப் போய்விட்டேன். ஒழுங்கு செய்த திருப்தி வேறு.

பத்து நிமிடத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றன. சுவிட்சின் விளக்குகள் ஒன்றுபோல வெறிபிடித்துத் துடித்தன. கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையன், இருபத்திரண்டு வயது, தாராபுரம் பக்கம், இரவு இரண்டு மணிவரை ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துச் சரிசெய்தான். அதற்குள் கன்டெய்னர் போய்விட்டது. சரக்கில் ஒரு பகுதி விமானத்தில் போயிற்று; அந்தச் செலவு ஏற்றுமதி செய்கிறவன் தலையில்தான் விழும். "ஒயரை மாத்திப் போட்டிருக்கான்" என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னாலும் பொய்தான்.

பாக்கெட் டிரேசரில் அதே வரைபடத்தைப் போட்டேன். இரண்டு சுவிட்ச், நடுவில் இரண்டு ஒயர். ஒன்றும் ஆகவில்லை. ஒரு முனையில் மட்டும் விளக்கு ஆரஞ்சாகவே நின்றுவிட்டது. வளையம் உண்டாகாதபடி அந்த வழியைச் சுவிட்சே அடைத்துவிட்டது. முப்பது விநாடி யோசித்தது இதைத்தான். "வெல கொறஞ்ச சுவிட்சுல இது இருக்காதுங் மாமா" என்றான் பையன். எங்களுடையது விலை குறைந்ததுதான். ஒரு வரிக் கட்டளையில் இரண்டு சுவிட்சிலும் அந்தக் காவலை எடுத்தேன். ஒரு கூவல் போதும். உறை ஒரு ஒயரில் போய் மற்றதில் திரும்பி, மறுபடி பிரதியாகி, மறுபடி போய்... நிற்கவே இல்லை. இத்தனை தடவைக்குமேல் போகாதே என்ற கணக்கு ரவுட்டர் தளத்தில் உண்டு, சுவிட்ச் தளத்தில் கிடையாது. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பையன் சாப்பிடப் போய்விட்டான்.

நெட்வொர்க்கை 'வலைப்பின்னல்' என்று எழுதுகிறார்கள். திருப்பூர்க்காரனுக்கு இந்தச் சொல் இடறும். நிட்டிங் மெஷினில் வளையத்துக்குள் வளையம் கோத்தால்தான் துணி. ஒன்று விட்டுப்போனால் நெடுகக் கோடு விழும். இங்கேயோ வளையம் விழுந்தால் சர்வநாசம்.

அந்தக் காவலைக் கண்டுபிடித்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. 1985இல் வெளியான கட்டுரையில் அதை விளக்கினார், கூடவே ஒரு கவிதையும் எழுதினார். ஜாய்ஸ் கில்மரின் 'மரங்கள்' கவிதையைப் பின்பற்றியது. கில்மரின் கவிதை 1913இல் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் வந்தது. எலியட்டின் புரூஃப்ராக்கை 1915இல் போட்டதும் அதே இதழ்தான். 1938இல் புரூக்ஸும் வாரனும் கில்மரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மோசமான கவிதைக்கு உதாரணமாக நிறுத்தினார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான், நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் விமர்சகர் கைவிட்ட செய்யுளை ஒரு பொறியாளர் எடுத்துப் பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்ற மாதம் அவனைத் தேடிப் போனேன். பல்லடம் ரோட்டில் சிசிடிவி மாட்டும் கடை வைத்திருக்கிறான். தலையில் லேசாக நரை. டீ வாங்கி வரச் சொன்னான். ஒயரைச் செருகியது நான்தான் என்று சொன்னேன். சற்று நேரம் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஒயரத் தொங்க உட்டுட்டுப் போனது நாந்தானுங்ணா. பழசு கட்டாச்சுன்னா இருக்கட்டும்னு ரெண்டாவதா இழுத்தேன். முனைல டேப் சுத்தியிருக்கோணும்" என்றான்.

நான் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறேன், எத்தனை மெஷின், கேமரா போட்டாயிற்றா என்று விசாரித்தான். இல்லை என்றேன். நாலு கேமராவுக்குக் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.